ஸ்ட்ரைக் பந்தலில் அட்டண்டன்ஸ் எடுத்த மைதீன் சார்

மைதீன் சார் போயிட்டார்.

காலையில் கூடப் படித்த அருணாசலம் போன் பண்ணிச் சொன்னான். தென்காசியில்தான். தொண்ணூறைத் தாண்டியிருந்தார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

அழ வேண்டிய நேரம்தான்... ஆனால் எனக்குச் சிரிப்பு முட்டுகிறது. கோபப்படாதீர்கள், முழுசாகப் படியுங்கள்!

அறுபதுகளில் ஒரு குற்றால சீசன். நான் பத்தாம் வகுப்பு, சார் எங்களுக்கு ஜியாக்ரபி. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இன்னும் பெர்மனன்ட் ஆகாதவர்.

திடீரென்று ஆசிரியர்கள் ஸ்ட்ரைக்! சம்பளத்தைக் கூட்டு, ரிட்டயர் ஆனால் ஒழுங்காகப் பென்ஷன் கொடு. ஸ்கூல் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, ஸ்கூலும் இல்லை... பத்தாம் வகுப்புக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தலையில் எண்ணெய், தோளில் துண்டு. நானும் அருணாசலமும் பந்தலைத் தாண்டிப் பதுங்கிப் பதுங்கிப் போனோம்.

“ஏலே, எங்க கெளம்பிட்டிய?” பந்தலிலிருந்து மைதீன் சார்.

“ஐந்தருவிக்கு சார்... ஸ்ட்ரைக்குக்கு ஆதரவா!”

“நில்லுங்கலே” என்று கக்கத்திலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து விரித்தார். பேனாவைத் திறந்தார்... அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. வகுப்பைவிட்டு ஸ்ட்ரைக்குக்கு வந்த மனுஷன், பழக்கதோஷத்தில் அட்டண்டன்ஸ் ரிஜிஸ்டரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்!

திருப்பிக் கொடுக்க ஓடினார். கேட்டில் வாட்ச்மேன் விடவில்லை. ஸ்ட்ரைக் பண்ணுகிறவர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்று ஸ்கூல் மேனேஜர் ஆர்டர்.

பந்தலுக்கு எதிரேதான் அப்பாவின் சைக்கிள் கடை. சாயங்காலம் காற்றடிக்க வந்த ஸ்கூல் கிளார்க் சொன்னார். “ரிஜிஸ்டரத் திருடிட்டாருன்னு மேனேஜர் எழுதுதாரு அண்ணாச்சி. மைதீன் சார் வேல காலி.”

என் அப்பாவோ பென்ஷனுக்குப் பரம எதிரி. பஞ்சர் ஒட்டிக்கொண்டே பந்தலைப் பார்த்துக் கத்துவார். “மழ பெஞ்சாலும் பெய்யாட்டாலும் ஒங்களுக்குச் சம்பளம். இதுல சாவுற வரைக்கும் பென்ஷன் வேறயா? எனக்கு யாருவே பென்ஷன் தாரா?”

மைதீன் சார் அங்கிருந்தே, “நீங்களும் கேளுங்க அண்ணாச்சி! நானும் வந்து ஒங்க கடைவாசல்ல உக்காருதேன்!”

கடையில் காற்றடிக்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதம் பண்ணுவார்கள். டியூபில் அடைத்த காற்றைவிட அதிகக் காற்று வாயிலிருந்து போகும்.

ஆனால் கிளார்க் சொன்னதைக் கேட்டபிறகு எனக்குக் குளிக்கப் போகப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை வீடு வீடாகப் போய் மொத்த வகுப்பையும் இழுத்துக்கொண்டு வந்தேன். சாரலில் நனைந்தபடி பந்தல் முன்னால் வரிசையில் நின்றோம்.

“சார், அட்டண்டன்ஸ் எடுங்க!”

“போங்கலே அங்கிட்டு.”

விடுவோமா? நாங்களே வரிசை நம்பரைச் சொல்லி ஆரம்பித்துவிட்டோம். “ஒண்ணு, உள்ளேன் ஐயா! ரெண்டு, உள்ளேன் ஐயா!” ரோட்டில் போன பஸ்ஸே நின்று வேடிக்கை பார்த்தது.

சார் வேறு வழியில்லாமல் ரிஜிஸ்டரை விரித்தார். விரித்தவருக்கு வாய் சும்மா இருக்குமா? செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று எப்படி வருது, நம்ம ஊருக்கு மட்டும் சாரல் ஏன்... பாடமே ஓட ஆரம்பித்துவிட்டது!

பந்தலிலிருந்து தமிழ் ஐயா தலையில் அடித்துக்கொண்டார். “எய்யா மைதீனு, ஸ்ட்ரைக்குன்னா பாடம் நடத்தக் கூடாதுய்யா!”

நடத்தவில்லை என்று மேனேஜருக்குக் கோபம், நடத்துகிறார் என்று சங்கத்துக்குக் கோபம். நாலு நாள் இதே கூத்து.

ஸ்ட்ரைக் முடிந்ததும் விசாரணை. ஆபீஸ் ஜன்னலில் நானும் அருணாசலமும் தொங்கிக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் மகா கெட்டிக்காரர். பென்ஷனைத் திட்டுகிற என் அப்பாவையே சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்.

அப்பா கிரீஸ் கையோடு நின்றார். “நான் பென்ஷனுக்கு எதிர்ப்புதான். இப்பவும் எதிர்ப்புதான்.”

மேனேஜர் முகத்தில் வெளிச்சம்.

“ஆனா திருட்டுன்னு சொல்லாதீய. இவரு திருப்பிக் குடுக்க ஓடுனாரு, ஒங்க வாட்ச்மேன்தான் வெரட்டி விட்டாரு. நாலு நாளும் நனைஞ்சுக்கிட்டே ஆஜர் எடுத்துப் பாடம் நடத்துனாரு. இத்தன வருசம் இந்த ஊர்ல இருக்கேன்... சாரல் ஏன் விழுதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியும்.”

மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். நாலு நாளும் ஃபுல் அட்டண்டன்ஸ்! சாதாரண நாளில்கூட எங்கள் வகுப்பில் அப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை.

வேலை தப்பியது. பெர்மனன்ட் மட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

முப்பது வருஷம் கழித்து, முதல் பென்ஷன் வந்த அன்றைக்கு சார் அல்வாப் பொட்டலத்தோடு சைக்கிள் கடைக்கு வந்தார். “அண்ணாச்சி, ஒங்க எதிர்ப்ப மீறி வந்துட்டு!”

அப்பா முழுப் பொட்டலத்தையும் காலி செய்துவிட்டுக் கை துடைத்தார். “அல்வாவுக்கு ஆதரவு. பென்ஷனுக்கு எதிர்ப்பு.”

அப்பாவும் இல்லை. இன்றைக்கு நீங்களும் சார்...

எங்கள் வகுப்பில் இப்போது ஒன்பது பேர் மிச்சம் சார். அஸருக்கு எல்லாரும் வருகிறோம். ஃபுல் அட்டண்டன்ஸ்!

போயிட்டு வாங்க சார். பழக்கதோஷத்துல ரிஜிஸ்டரக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிராதீய... அத மட்டும் இங்கன வச்சிட்டுப் போங்க.