கப்பிக் கணக்கில் தரை கிடையாது

மீன் தராசுக்கென்று ஒரு வாடை உண்டு. வெறும் மீன் கவிச்சி என்று நினைத்துவிடாதீர்கள். துருவும் உப்பும் ஐஸ் தண்ணீரும் கலந்து, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்கிற வாடை அது. பதினாறு வயதில், நான்காம் படிவம் படித்த வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த வாடை என் கையில் ஏறியது. அன்றைக்குத்தான் கப்பிக் கணக்கு எனக்குப் புரிந்தது. அன்றைக்குத்தான் நான் பேச வேண்டிய ஒரு வாக்கியத்தைப் பேசாமலும் போனேன்.

மலாக்காவில் நியாலாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு. மூன்று வீடு தள்ளிப் புனிதவதியின் வீடு. நானும் அவளும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு, இடைநிலைப்பள்ளிக்கு ஒரே பஸ், நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு கிடைத்தபோது அங்கேயும் அடுத்தடுத்த நாற்காலி. எங்கள் லயத்திலிருந்து அந்தப் பிரிவுக்குப் போனவர்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதால் எங்கள் அம்மாமார்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. புனிதாவின் அப்பாவுக்கு மட்டும் அதில் அரை மனசுதான். அவரைத் தோட்டமே மீன்கார மாமா என்று கூப்பிடும். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் கடலோர உம்பாய்க்குப் போய் மீன் எடுத்து, பின்னால் கட்டிய பெட்டியில் கெம்போங், செலார் மீன்களை ஐஸில் புதைத்து, ஹாரனை ‘பாம் பாம்’ என்று அடித்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருகிற மனுஷர். “மூணு மாசம் பாப்பேன். ஒழுங்கா படிச்சா இருக்கட்டும். சும்மா வெளையாட்டுக்குப் போற மாதிரி தெரிஞ்சா கணக்கியல் கிளாஸுக்கு மாத்திருவேன்” என்று வருஷ ஆரம்பத்திலேயே சொல்லிவைத்திருந்தார். புனிதாவுக்கோ இயற்பியல் என்றால் உயிர். மூன்று மாதத்தில் இரண்டரை மாதம் ஓடிவிட்டிருந்தது.

அப்போதுதான் அந்தக் கப்பி வந்து சேர்ந்தது. மேலே ஒரு கப்பி, அதன்மேல் ஒரு கயிறு, கயிற்றின் ஒரு முனையில் மூன்று கிலோ, மறுமுனையில் இரண்டு கிலோ. விட்டுவிட்டால் கயிற்றின் இழுவிசை எவ்வளவு? இதில் என்ன இருக்கிறது என்று நான் முப்பது நியூட்டன் என்று எழுதினேன். கிலோவுக்குப் பத்து என்று மூன்று கிலோவின் எடை முப்பது, அதைத் தாங்குவது கயிறு, ஆக முப்பது. ஆசிரியை, நாங்கள் ‘சிக்கு’ என்று கூப்பிடுகிற மலாய்க்கார அம்மா, என் புத்தகத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். பக்கத்தில் புனிதாவின் புத்தகத்தில் இருபத்து நான்கு. அதற்கு ஒரு சரி, சரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது எங்கள் வீட்டிலேயே தெரிந்த கதை. பஸ் முழுக்க அவளோடு சண்டை போட்டேன்.

“முப்பதா இருந்தா மூணு கிலோ எறங்கவே எறங்காதே லா” என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. “மேலயும் முப்பது இழுக்குது, கீழயும் முப்பது இழுக்குது. அது அப்படியே சாமி மாதிரி நிக்கும்.”

“அப்ப இருவத்தி நாலு எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்தா?”

அவள் செய்தது இதுதான்: கயிற்றை அறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மூன்று கிலோவைத் தனிக் கட்டமாகவும் இரண்டு கிலோவைத் தனிக் கட்டமாகவும் வரைந்து, ஒவ்வொன்றையும் யார் மேலே இழுக்கிறார்கள், யார் கீழே இழுக்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டாள். எங்கள் லயத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றிப்போனால் கோயில் தலைவர் இருவரையும் ஒன்றாக உட்காரவைக்க மாட்டார். ஒருவரைக் கோயில் மண்டபத்திலும் மற்றவரைப் பின்பக்கக் குழாயடியிலுமாக நிறுத்தி, தனித்தனியாக விசாரித்து, இரண்டு பேர் வாயிலும் ஒத்துப்போகிற விஷயம் எது என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். “அதே மாதிரிதான்டி. ரெண்டு பேரையும் தனியா கூப்ட்டு விசாரி. ரெண்டும் ஒரே கயித்தப் பத்தித்தான் சொல்லும்” என்றாள் புனிதா. முப்பதிலிருந்து கயிற்றின் இழுவையைக் கழித்தால் மூன்று கிலோ கீழே போகிற வேகத்துக்குக் கணக்கு வரும். கயிற்றின் இழுவையிலிருந்து இருபதைக் கழித்தால் இரண்டு கிலோ மேலே போகிறதற்குக் கணக்கு வரும். ஒரே கயிற்றில் இரண்டும் ஒரே மாதிரி வேகமெடுக்க வேண்டும்; அதற்குப் பொருந்துகிற ஒரே எண் இருபத்து நான்கு.

எவ்வளவு அழகான விளக்கம்! ஆனால் ஒத்துக்கொள்ள வேண்டுமே நான். “காகிதத்துல என்ன வேணும்னாலும் வரும். கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். கயிற்றின் நடுவே ஒரு தராசைக் கட்டினால் முள்ளே சொல்லிவிடும் அல்லவா என்ற யோசனையும் என்னுடையதுதான். “உங்கப்பா தராசு இருக்குல்ல?” என்று கேட்டதும் நான்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் தராசு வட்ட முகமும் கண்ணாடியும் அடியில் கொக்கியும் உள்ள தொங்கு தராசு. சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினதும் புனிதா அதைத் தாவணிக்குள் மறைத்து எடுத்து வந்தாள். நான் எங்கள் வீட்டு அரிசியில் மூன்று கிலோவை ஒரு பிளாஸ்டிக் பையிலும் இரண்டு கிலோவை இன்னொன்றிலும் கட்டிக்கொண்டு, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு போனேன். இடம், ஆளில்லாத எங்கள் பழைய தமிழ்ப்பள்ளி. கப்பி, அந்தப் பள்ளியின் கொடிக்கம்பத்து உச்சியில் இருந்தது. எண்ணெயைக் கயிற்றில் நன்றாகத் தடவி ஏற்றி இறக்கினோம். கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்த கப்பி கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. கயிற்றின் ஒரு முனையில் மூன்று கிலோ. மறுமுனையில் தராசு, அதன் கொக்கியில் இரண்டு கிலோ. மூன்று கிலோவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு புனிதா நின்றாள். தராசின் முன்னால் நான் குந்தினேன்.

“மேல வந்ததும் தராச நீ புடிச்சுக்கணும். மறந்துறாத.”

“சரி சரி, விடு லா!”

விட்டாள். அரிசிப்பை இறங்க, தராசு ஏற, நான் குந்தினவள் அதோடு சேர்ந்தே எழுந்தேன். இரண்டில் நின்றிருந்த முள் ஒரு துள்ளு துள்ளியது; இரண்டைத் தாண்டியது; மூன்றின் பக்கம் போகவே இல்லை; இரண்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு புள்ளி நான்கு பக்கமாக நடுங்கிக்கொண்டு நின்றது. ஒன்று ஒன்றரை விநாடி இருக்குமா? அவ்வளவுதான். ஆனால் நான் பார்த்தேன். மூன்று கிலோவின் முழு எடையைக் கயிறு தாங்கவில்லை. அம்மாடி, அந்த ஒரு நிமிஷ சந்தோஷம் பிறகு எந்தப் பரீட்சை முடிவிலும் எனக்குக் கிடைத்ததில்லை. “அலாமாக், புனிதா! நீ சொன்னதுதான் சரி!” என்று கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன்.

தட்டின கை தராசைப் பிடிக்க வேண்டிய கை.

புத்தகத்துக் கப்பிப் படத்தில் தரை கிடையாது. மூன்று கிலோ பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் அரிசிப்பையோ சிமெண்டில் ‘டொப்’பென்று விழுந்து வெடித்தது; அரிசி கொட்டக் கொட்ட அந்தப் பக்கம் எடை இல்லாமல் போக, என் தலைக்கு மேலே போயிருந்த தராசு விட்ட வேகத்தில் திரும்பி வந்து கம்பத்தின் அடிக்கட்டில் மோதியது. கண்ணாடி சில்லு சில்லாகப் போனது. முள் கழன்று தொங்கியது. எங்கிருந்தோ நான்கு கோழிகள் வந்து அரிசியைக் கொத்த ஆரம்பித்தன, அவற்றை விரட்டக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

புனிதா அழவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கித் தாவணி முனையில் முடிந்துகொண்டாள். அவள் வீட்டு முன்னால் செம்பருத்தி வேலி இருந்தது. மாமாவின் மோட்டார் அதை ஒட்டித்தான் நிற்கும். வேலி வரைக்கும் கூடவே போனேன். “நீ இங்கயே இரு. ரெண்டு பேரும் போனா ரெண்டு வீட்லயும் சண்டை. நான் பேசிக்கிறேன்” என்றாள். நானும் இருந்துவிட்டேன், செம்பருத்திக்குப் பின்னால் குனிந்துகொண்டு.

மாமா வாசலுக்கு வந்தார். தராசை வாங்கினார். கைலி நுனியால் அதன் முகத்தைத் துடைத்தார்.

“எதுக்கு எடுத்த?”

“சும்மாப்பா. வெளையாட.”

பாடத்துக்கு என்று சொன்னால் யாரோடு என்ற கேள்வி வரும். அதற்காகவே விளையாட என்று சொன்னாள். அந்த ஒரு சொல் அவளுக்கு எவ்வளவு கேடு என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுந்து நின்று, “மாமா, நான்தான் எடுக்கச் சொன்னேன், இது வெளையாட்டு இல்ல, பாடம்” என்று சொல்ல எனக்கு நாலே எட்டு வைக்கிற தூரம். என்னையும் அறிவியல் பிரிவிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் எழுந்திருக்கவில்லை. மாமா மோட்டார் இருந்த பக்கமாகவே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்குத் தராசில்லாமல் எப்படி வியாபாரத்துக்குப் போவது என்று யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு, “வெளையாடுனது போதும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை அவரே பள்ளிக்கு வந்து அவள் பெயரைக் கணக்கியல் வகுப்புக்கு மாற்றினார். புனிதா அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் பழையபடி ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம், நாசி லெமாக்கைப் பங்கு போட்டுத்தான் தின்றோம். கப்பியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததில்லை. “உன்னாலதான்” என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் அழுதுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கத்தான் யாருமில்லை. அரசாங்கப் பரீட்சையில் கப்பி வந்தது. நான் இரண்டு கட்டம் வரைந்து, அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண் வாங்கினேன். பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ.

அவர்கள் குடும்பம் பிறகு புக்கிட் ரம்பாய்க்குக் குடிபோய்விட்டது. புனிதா அங்கே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து இன்று மேற்பார்வையாளராக இருக்கிறாள். நான் பொறியியல் படித்து மலாக்கா டவுனில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். அரை மணி நேரத் தூரம்தான். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு வாழ்த்துச் செய்தி. நான்கு வருஷத்துக்கு முன்னால் மாமா தவறினபோது துக்கத்துக்குப் போனேன். அப்போதும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

போன மாதம் என் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று கிலோ, இரண்டு கிலோ, ஒரு கப்பி. விடை முப்பது, மேலே சிவப்பில் பெருக்கல் குறி. எனக்குச் சிரிப்பு வந்தது. “ரெண்டு பேரையும் தனியா கூப்ட்டு விசாரி” என்று ஆரம்பித்து முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். “அம்மாவுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தா? டீச்சரா?” என்று கேட்டாள். எத்தனையோ பேரிடம் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. நோட்டைப் படம் பிடித்துப் புனிதாவுக்கு அனுப்பினேன். கீழே, தராசை எடுக்கச் சொன்னது நான்தான் என்று உன் அப்பாவிடம் கடைசிவரை சொல்லாமலே இருந்துவிட்டேன் என்று எழுதினேன்.

அந்த லயம் இப்போது இல்லை. இடித்துவிட்டுச் செம்பனைக் கன்று நட்டிருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி டவுன் பக்கம் போய்விட்டது. கொடிக்கம்பத்தின் அடிக்கட்டு மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. செம்பருத்தி வேலி எங்கே இருந்தது என்றுகூட இப்போது என்னால் சரியாகக் காட்ட முடியாது.

அன்று சாயங்காலம் புனிதாவின் குரல் பதிவு வந்தது. பின்னால் தொழிற்சாலை மணி அடித்துக்கொண்டிருந்தது.

“முப்பதா? அப்ப எறங்கவே எறங்காதே லா” என்று சிரித்தாள். “அப்பாவுக்குத் தெரியும்டி. நான் சொல்லல. அன்னிக்கே வேலிக்கு மேல ஒன் சடை ரிப்பன் தெரிஞ்சுச்சாம். ‘அந்தப் புள்ள எழுந்து வரும் வரும்னு பாத்துக்கிட்டே நின்னேன்’னு பின்னாடி ஒருநாள் சொன்னாரு.”

அன்றைக்கு அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை.