ஊசியில்லாத சிரிஞ்சு

சத்யப்பிரியாவுக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆய்வகத்தில் குடிதண்ணீரைச் சோதித்துச் சொல்லும் வேலை. மலாவி நாட்டில் காலரா பரவி, ஒரு தொண்டு அமைப்பு தண்ணீர் வேலை தெரிந்தவர்களைச் சம்பளமில்லாமல் வரக் கேட்டபோது, அவள் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் கணவன் பூவராகனிடம் சொன்னாள்.

"வாந்திபேதில ஜனங்க செத்துக்கினு இருக்குற ஊருக்கு யாராச்சும் தானா போவாங்களா?" என்றான் அவன்.

"எனக்குத் தெரிஞ்ச வேலதான மாமா. தண்ணில மருந்து ஊத்தணும், அவ்ளோதான்."

போன இடத்திலும் வேலை அவ்வளவுதான். பெண்கள் கிணற்றில் இறைத்து வாளியை வைப்பார்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் குளோரின் மருந்தை அளந்து இவள் பீய்ச்சுவாள். அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கிரேஸ் என்ற உள்ளூர் ஆசிரியை கூடவே வந்து, இவள் ஆங்கிலத்தில் பேசுவதை அவர்கள் மொழியில் சொல்வாள்.

ஒரு நாள் புதிதாக ஒரு கிராமத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் ஆட்களைப் புதைத்த புது மண் மேடுகள். கிணற்றடியில் முதல் வாளியில் அவள் மருந்தை விட்டதுமே, பின்னால் ஆட்கள் வந்து நிற்பது தெரிந்தது. திரும்பினாள். இளைஞர்கள் கையில் தடி. ஒருவன் அவள் பையைப் பிடுங்கி, சிரிஞ்சை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான்.

"நோயைக் கிணத்துல போடுறதே நாமதான்னு சொல்றாங்க," என்றாள் கிரேஸ், உதடு அசையாமல். "ஓடிடாதீங்க. ஓடுனா அதுதான் உண்மைன்னு ஆயிடும்."

சத்யப்பிரியா நின்ற இடத்திலேயே நின்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். குழந்தையைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகாதவள் என்று கிரேஸ் சொன்னாள். அவள் அந்த வாளியிலேயே ஒரு குவளை மொண்டு நீட்டினாள். குடி என்பதற்கு மொழி தேவைப்படவில்லை.

மருந்து விழுந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளே கிருமி இருந்தால் இன்னும் உயிரோடுதான் இருக்கும். அரைமணி பொறுங்கள் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? சத்யப்பிரியா வாங்கிக் குடித்தாள்.

அவளை மாமரத்தடியில் உட்கார வைத்துச் சுற்றி நின்றார்கள். அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். காலரா இவ்வளவு சீக்கிரம் வராது என்று அவளுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. இங்கே ஒரு தடவை வாந்தி எடுத்தால் போதும், தன்னோடு கிரேஸையும் சேர்த்து அடித்தே கொன்றுவிடுவார்கள். துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கொரோனா சமயத்தில் அவள் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தபோது, எதிர்வீட்டுக்காரி முகத்தில் பார்த்த அதே பயம் இப்போது சுற்றிலும் எல்லா முகத்திலும் இருந்தது.

அந்தத் தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்யப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"உங்க ஊர்ல யாராச்சும் கேக்காம உங்க தண்ணில எதையாச்சும் ஊத்துனா சும்மா விடுவீங்களான்னு கேக்குறாங்க," என்றாள் கிரேஸ்.

கிருமி, மருந்து, அளவு என்று எல்லாப் பதிலும் அவளிடம் இருந்தன. "மாட்டேன். விடமாட்டேன்," என்றாள்.

கிரேஸ் அதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தடிகள் இறங்கவில்லை. ஆனாலும் வெயில் சாய்ந்தபோது வண்டிக்கு வழிவிட்டார்கள்.

அடுத்த சில நாட்கள் அதைவிட மோசம். வயிறு லேசாக உறுமினாலும் கழிவறைக்கு ஓடினாள். போனில் பூவராகன், "கொரலு ஏன் ஒரு மாரி இருக்குது?" என்றான். "டவர் சரியில்ல மாமா," என்று வைத்துவிட்டு அழுதாள். நோய் வரவில்லை. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று துணிமணிகளை எடுத்து வைத்தாள்.

அப்போதுதான் அந்தத் தாய் சொல்லியனுப்பினாள். மருந்தை அவர்களே ஊற்றிக்கொள்கிறார்களாம், எவ்வளவு என்று மட்டும் காட்டினால் போதுமாம். சிரிஞ்சு வேண்டாமாம்.

போனாள். மருந்துப் புட்டியையும் ஒரு கரண்டியையும் தாயின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். தாய் தன் வாளியில் ஊற்றினாள். அவளைப் பார்த்து வேறு சிலரும் ஊற்றினார்கள். சிலர் ஊற்றாமலே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களை அவள் கூப்பிடவில்லை.

சிதம்பரத்தில் பழைய வேலைக்கே திரும்பிவிட்டாள். சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் வீடுகளில், இப்போதெல்லாம் வாசலிலேயே நின்று, எதற்கு என்று சொல்லி, அவர்கள் சரியென்ற பிறகுதான் குடத்தைத் தொடுகிறாள். பின்னால் நாலு பேர் சேர்ந்து நின்றால் இன்னமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். தேர்த் திருவிழாவன்று கூட்டம் நெரியும் கீழவீதிப் பக்கமே போவதில்லை.

நடந்ததை வெகுநாள் கழித்துத்தான் பூவராகனிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்: "மறுபடியும் கூப்ட்டா போவியா?"

"போவேன் மாமா," என்றாள். "ஆனா இந்தத் தடவ உங்கிட்ட கேட்டுட்டுதான் போவேன்."

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தான்.