வாத்துகள் போன இடம்

சிதம்பரத்துக்கு வெளியே, ஆற்றை ஒட்டியிருந்த அத்தை வீட்டில் வாத்துகளுக்குக் கிடைத்த மரியாதை மாமாவுக்குக் கிடைத்ததில்லை. அவர் இலை முன்னால் உட்கார்ந்த பிறகும், "இருங்க, அதுங்களுக்குத் தவுடு வச்சுட்டு வரேன்" என்று அத்தை எழுந்து போய்விடுவாள்.

நான் நான்காம் வகுப்புப் பரீட்சை முடிந்து, கடலூர் செம்மண்டலத்திலிருந்து லீவுக்குப் போயிருந்தபோது அவை காணாமல் போயின. காலையில் ஆற்றுப் பக்கம் திறந்துவிட்டால் சாயங்காலம் வரிசையாகத் திரும்புகிறவை, அன்று திரும்பவில்லை. அத்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரி மேல் சந்தேகம். அந்த வீட்டிலிருந்து மசாலா வாசனை வந்தது ஒன்றுதான் சாட்சி. அதுவரை வேலிக்கு மேலாகப் போய்வந்துகொண்டிருந்த குழம்புக் கிண்ணங்கள் அதோடு நின்றன.

மறுநாள் அத்தை தேடக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். கரையோரமாகவே நடந்து, ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தின் கம்பிவேலிக்கு வந்துவிட்டோம். உள்ளே முதல் தொட்டியில் தண்ணீர் தார் மாதிரி கிடந்தது. அடுத்ததில் பழுப்பாக நுரைத்துக் கொதித்தது. கடைசியாக ஒரு குளம். அதில் எங்கள் வாத்துகள் தலையை உள்ளே விட்டு, வாலைத் தூக்கிக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"ஊரு பூரா கக்கூஸ் கழுவுன தண்ணியிலயா வுழுந்து கெடக்குறீங்க" என்று அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கேட்டைத் திறந்தது, அங்கே தண்ணீரைப் பரிசோதிக்கும் ஓர் அக்கா. "நேத்தே வந்துடுச்சுங்க. தொரத்துனா போவ மாட்டேங்குது" என்றவள், குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் மொண்டு என்னிடம் கொடுத்தாள். உயர்த்திப் பார்த்தேன். அந்தப் பக்கம் நின்ற அத்தையின் மூக்குத்திக் கல் பளிச்சென்று தெரிந்தது.

"யாருக்கா இதக் கழுவுறது?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க. காத்து வுட்டுக்கிட்டே இருந்தா அழுக்கத் தின்னுடும்."

"அதுங்களுக்கு லீவு வுடுவீங்களா?"

"கரண்ட்டு போனா லீவுதான்."

பின்பக்கக் குழாய் வழியாக அந்தத் தண்ணீர் ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பாய் அகலத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் ஆற்றின் கறுப்பில் கலந்து காணாமல் போனது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் எந்த இடத்தில் காணாமல் போகிறதென்று பிடிபடவில்லை.

"இவ்ளோ கழுவிட்டு ஏங்க்கா மறுபடியும் அழுக்குல வுடுறீங்க?"

"அது ஆறுடி. அதப் போயி அழுக்குன்னுவாங்களா" என்று அத்தை அதட்டினாள்.

அக்கா ஆற்றின் மேல்பக்கம், ஒரு பாலத்தடியில் நேராக ஆற்றுக்குள் இறங்கிய சாக்கடையை ஒரு தரம் பார்த்தாள். "பாதி ஊரு தண்ணிதான் இங்க வருது பாப்பா" என்றாள். மீதிப் பாதி ஊர் கக்கூசுக்கே போவதில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வாத்துகளை ஓட்டி வந்து, மஞ்சள் கரைத்த கிணற்றுத் தண்ணீரில் அத்தை ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டினாள். அன்று மத்தியானம் அத்தையின் மீன் குழம்புக் கிண்ணம் ஒன்று தானாகவே வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. மறுநாள் ஆற்றுப் பக்கம் திறந்துவிட்டபோது வாத்துகள் கரையில் நின்றன. ஒன்று அலகை நனைத்து உதறியது. எல்லாம் திரும்பி, கம்பிவேலியைப் பார்த்து நடையைக் கட்டின. எத்தனை முறை ஓட்டி வந்தாலும் அதே கதைதான்.

கடைசியில் குறிஞ்சிப்பாடியில் ஏரிக்கரையில் இருந்த மாமாவின் தங்கை வீட்டுக்கு அவற்றைக் கொடுத்தனுப்பினார்கள். கூடையை வண்டியில் ஏற்றியபோது அத்தை வாசலுக்கு வரவில்லை, உள்ளே அழுதுகொண்டிருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், "சாக்கடை ருசி கண்டுடுச்சு, இனிமே ஆத்துல எறங்குமா" என்றாள்.

லீவு முடிந்து நானும் பள்ளிக்கூடத்தில் அதையே சொன்னேன். வாத்து கரையில் நின்று அலகை உதறியதை நடித்துக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. அந்த வாத்து உதறியது எந்தத் தண்ணீரை என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.