இடுப்புக்கு ஏற்ற டயர்

டயர் கடையில் எல்லோரும் காரைப் பற்றிப் பேசுவார்கள். நான் வீட்டுக்காரரின் இடுப்பைப் பற்றிப் பேசினேன். முதுகில் ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் திண்டுக்கல் வீட்டிலேயே கிடந்தார். கன்னிவாடிப் பக்கம் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்குக் காரில் போய்வர முடியாவிட்டால் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று அவரே சொல்லிவிட்டார். கேட்டிருந்த ஆளுக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை கிளம்பிப் பார்த்தோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் பல்லைக் கடித்ததைப் பார்த்துப் பாதியிலேயே திரும்பினேன். டயர் நான்கும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தன. பழியை அவற்றின்மேல் போட்டேன்.

எதை வாங்குவது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. மலைக்கு வண்டி ஓட்டும் கொழுந்தனார், "பிடிப்புதான் மதினி முக்கியம். ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா நின்னாகணும்" என்றார். வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே, "எது ரொம்ப நாள் ஓடும்னு கேளு" என்றார். வலி அவருக்கு, கவலை மட்டும் தேய்மானத்தைப் பற்றி.

கடைக்காரர் மூன்று கம்பெனி டயர்களை உருட்டிவந்து போட்டார். ஒன்று ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், இரைச்சல் அதிகம். இன்னொன்று லேசில் தேயாது, ஆனால் கட்டைவண்டி மாதிரி போகும். மூன்றாவது மெத்தென்று போகும், பிடிப்பும் பரவாயில்லை, சீக்கிரம் தேயும்.

"உங்களுக்கு எது வேணும்மா?"

"குழி தெரியக் கூடாதுண்ணே."

சிரித்துக்கொண்டே மூன்றாவதை மாட்டினார்.

வியாழக்கிழமை காலையில் கிளம்பினோம். பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்க நிறுத்தியதும் வீட்டுக்காரர் அங்கிருந்த பையனிடம், "நாப்பது வையி அப்பு" என்றார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புது டயரில் பழையதைவிட மோசமாகத் தூக்கிப் போட்டது. பாதி வழியில் ஓரமாக நிறுத்தினேன்.

"விடு. நாளைக்கு அந்தாளுக்குச் சரின்னு சொல்லிருவோம்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இடுப்பு வலி ஆறட்டும் என்று, கை கொடுத்து அவரை இறக்கி நிறுத்தக் கதவைத் திறந்தேன். கதவோரச் சட்டத்தில் தேங்காய் நார்த்தூசிக்குள் ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. முந்தானையால் துடைத்தேன். இரண்டு மூன்று பேர் போனால் எவ்வளவு காற்று, முழு பாரத்துக்கு எவ்வளவு என்று போட்டிருந்தது. நாற்பது, முழு பாரத்துக்கே அதிகம். பின்சீட்டை மடக்கித் தேங்காய் மூட்டை அடுக்கியே ஓட்டிய வண்டி. காற்றைக் கல்லாக ஏற்றிவைப்பது அவருக்குக் கைவந்த பழக்கம்.

"இப்ப வண்டில தேங்காயா இருக்கு?" என்றேன்.

"பழக்கத்துல சொல்லிட்டேன்" என்று முனகினார்.

அடுத்த ஊர் பஞ்சர் கடைவரை ஊர்ந்து போய், ஸ்டிக்கரில் உள்ளபடி காற்றை இறக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு வந்த முதல் வேகத்தடையில் ரோட்டைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே யாரோ ஒருவரின் வெங்காயக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடை போனதே தெரியவில்லை.

தோப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகு வாய்க்கால் உடைந்து தண்ணீர் வீணாவதைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, தண்ணி எங்கிட்டுப் போவுதுன்னு பாக்க மாட்டியா?"

தோப்பின் அந்தக் கோடிவரை கேட்டது. வேலையாள் மண்வெட்டியோடு ஓடிவந்தார், முகமெல்லாம் சிரிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்காரர் யாரையும் திட்டியதே இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல், குத்தகை கேட்டவருக்குப் போன் போட்டேன்.