என்ரை முறை நாள்

மின்சாரப் பொறியியலாளரா இருந்த காலத்திலை என்னை ஏசாத ஆள் யாழ்ப்பாணத்திலை இல்லை. காகம் ஒண்டு கம்பியிலை அடிபட்டுச் செத்தாலும் என்ரை போனுக்குத்தான் எடுப்பினம். "தம்பி, உங்கடை வீட்டிலை கரண்ட் இருக்கோ? அப்ப எங்கடை வீட்டிலை ஏன் இல்லை?" எண்டு கலியாண வீட்டுக்கார அம்மா ஒரு ஆள் காலமை கேட்டா. நான் வாய் திறக்க முதல் போனை வைச்சிட்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் போய் வெயிலுக்கை நிண்டு, ட்ரான்ஸ்ஃபோமரைப் பாத்து, ஃபியூஸ் போடுவிச்சிட்டு வரேக்கை, அந்த வீட்டு லவுட்ஸ்பீக்கர் பாடத் தொடங்கீட்டுது. அதோடை கோவம் போயிட்டுது.

பேந்து என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டு, ஒரு அமைச்சிலை விஞ்ஞான ஆலோசகராக்கிச்சினம். பெரிய மேசை, ஏசி, தனி அறை. போன் மட்டும் அடிக்காது. முதல் மாசம் அது பழுதோ எண்டு என்ரை கைபோனிலை இருந்து நானே எடுத்துப் பாத்தன். நல்லா அடிச்சுது! ஆலோசகரை ஆர் ஏசுறது? அப்பிடியொரு ஆள் இருக்கிறதே ஒருதருக்கும் தெரியாது. "அறிக்கையின்ரை சுருக்கத்தை முதல் பக்கத்திலை போடுங்கோ சேர், மிச்சத்தை ஆர் வாசிக்கப் போகினம்" எண்டு செயலாளர் சொன்னார். என்ரை மனுசி அதுக்கு முதலே செத்துப் போனா, மகள் கனடாவிலை. வெள்ளவத்தையிலை ஒரு அறை எடுத்து, கடைச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிச்சு, சுவரைப் பாத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன். உண்மையைச் சொல்லுறன், அந்த நாளையிலை ஏச்சு வாங்கக்கூட ஆசையா இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலை அண்ணை மட்டும் எடுப்பார். அவர் புத்தூரிலை தோட்டம் செய்யிறவர். அப்பப்பா விட்ட கிணத்திலை நாலு பங்கு. அண்ணைக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள், சித்தப்பாவின்ரை பிள்ளையள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு நாள். உன்ரை முறை நாளிலை நீ மட்டும்தான் இறைக்கலாம், மற்றவன் கிணத்திலை கை வைக்கக் கூடாது. நான் படிக்கப் போன நாளிலை இருந்து என்ரை காணி சும்மா கிடக்குது. ஆனால் என்ரை நாளிலை அண்ணை ஒரு வாளி தண்ணிகூடத் தோட்டத்துக்கு எடுக்கமாட்டார், மற்றவையையும் எடுக்க விடமாட்டார். "அது தம்பியின்ரை நாள்" எண்டு விட்டிடுவார். எனக்குச் சிரிப்பா இருக்கும். எத்தினை வருசமா ஒரு மனுசன் இப்பிடி விடுவான்?

அந்த நேரம்தான் சூரியப் பம்பித் திட்டத்தை நான் எழுதினன். மண்ணெண்ணெய் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம், வெயில் இருக்குமட்டும் தண்ணி. பனல் என்ன அளவு, மோட்டர் என்ன அளவு எண்டு அணுவணுவாக் கணக்குப் போட்டன். தண்ணியைப் பற்றி ஒரேயொரு வரி, 'நிலத்தடி நீர் போதுமானது' எண்டு. அதுவும் வேறை ஆரோ எழுதினதைப் பாத்து எழுதினது. மின்சாரக்காரன் எனக்கு மோட்டர்தான் தெரிஞ்சுது, கிணறு தெரியேல்லை.

ஊரிலை முதல்முதல் பம்பி பூட்ட ஒரு ஆள் வேணும் எண்டு கேட்டிச்சினம். நான் அண்ணையைச் சொன்னன்.

"உது சரிவருமோடா?" எண்டார் போனிலை.

"என்னை நம்புங்கோ அண்ணை. வெயில் சும்மா கொட்டுது. என்ரை நாளையும் எடுங்கோ, ஏன் வீணாக் கிடக்கு?"

"உன்ரை நாளையுமோ?" எண்டு ஒருக்கால் கேட்டார். பேந்து, "ஓம், நீ சொன்னால் சரி" எண்டார்.

அண்ணை போட்டதைப் பாத்து ஊரே போட்டுது. செலவில்லாத தண்ணிதானே, விடிஞ்சால் பொழுதுபடுமட்டும் ஓடவிட்டினம். முதல் இரண்டு வருசமும் வெங்காயம் அள்ளிக் குடுத்தது. அண்ணைக்கு மாலை போட்டு எடுத்த படத்தை என்ரை அறையிலை மாட்டி வைச்சன். பேந்து அவரின்ரை கதை குறைஞ்சுகொண்டு வந்தது. "சாப்பிட்டியோ, சரி, வைக்கிறன்." பிறகு அதுவும் இல்லை. எனக்கும் ஒரு வீம்பு, அவரே எடுக்கட்டும் எண்டு இருந்திட்டன்.

ஒருநாள் பைல் வந்தது. திட்டத்தைப் பண்டத்தரிப்புப் பக்கமும் நீட்டப் போகினம், ஆலோசகர் கையெழுத்து வைச்சால் சரி. புதுசா ஒரு படமும் கேட்டிச்சினம். படம் எடுக்கத்தான் ஊருக்குப் போனன், வேறை நல்லெண்ணம் ஒண்டும் இல்லை. அண்ணி தேத்தண்ணி தந்தா. ஒரு வாய் குடிச்சிட்டு, "என்ன அண்ணி, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டியளோ?" எண்டு சிரிச்சன்.

அவ சிரிக்கேல்லை. "நல்ல தண்ணி கொண்டுவாற பவுசர் லொறி இண்டைக்கு வரேல்லை. இது கிணத்துத் தண்ணி" எண்டா.

தோட்டத்துக்கு ஓடினன். வெங்காயத் தாள் நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு மேலை மிதக்கிற நல்ல தண்ணியை நாங்கள் ஓயாமல் இழுத்து முடிக்க, கீழை கிடந்த கடல் ஏறி வந்திட்டுது. முந்தி நாலு நாளைக்கு ஒருக்கால் கிணறு ஆறியிருந்தது, என்ரை நாளிலை. அந்த ஒரு நாளையும் நான்தான் எடுக்கச் சொன்னன். படிச்ச மடையன்!

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" எண்டு அண்ணையிட்டைக் கேட்டன்.

"உனக்குத் தெரியாததே?" எண்டிட்டு அவர் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கொழும்புக்குப் போய்க் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு எழுதினன். பிழை என்ரை எண்டு முதல் பக்கத்திலையே எழுதினன். நன்றி சொல்லிக் கடிதம் வந்தது. அடுத்த கிழமை வேறை ஒரு ஆலோசகர் கையெழுத்து வைச்சார். நான் வேலையை விட்டிட்டுப் பெட்டியோடை புத்தூருக்கு வந்தன்.

வந்த அண்டே கிணத்தடியிலை அண்ணையைப் பிடிச்சன். "என்ரை நாளைத் திருப்பித் தாங்கோ. நான் இறைக்கமாட்டன். கிணறு ஆறட்டும்."

அவர் என்னை நிமிந்து பாத்தார். "நீ தண்ணிக்குக் கேக்கிறாய். நான் தண்ணிக்கு விட்டு வைக்கேல்லையடா. படிச்சு முடிச்சு வருவாய், உத்தியோகம் முடிச்சு வருவாய், வந்தால் உனக்கொரு நாள் வேணும் எண்டுதான் விட்டனான். எடுங்கோ எண்டு நீ போனிலை சொன்னாய். இனி வரமாட்டான் எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது."

"வந்திட்டன்தானே அண்ணை" எண்டன்.

"ஓம். நான் போறன்" எண்டார். வெங்காயம் சரிவராது, தன்ரை மகள் வவுனியாவுக்குக் கூப்பிடுறாள், சாமான் கட்டியாச்சு எண்டார்.

அண்ணையும் அண்ணியும் போய் ஒரு வருசமாச்சு. தண்ணி இன்னும் உப்புச் சவர்தான். சித்தப்பாவின்ரை பிள்ளையள் தங்கடை நாளிலை இறைக்கினம். "அண்ணையின்ரை நாளும் சும்மாதானே கிடக்கு, நாங்கள் எடுக்கட்டோ?" எண்டு போன கிழமை வந்து கேட்டினம்.

"இல்லை," எண்டன். "அவர் வருவார்."