விரால் தூண்டிலுக்கு மூன்று கொட்டேஷன்

சரோஜினி நகரில் எங்கள் பிளாக்கில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் இரண்டே பேர். தூண்டிலைப் பற்றித் தெரிந்தவன் நான். மீன் பிடித்தவர் மாடி வீட்டுக்காரர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் மாயவரத்துக்காரன், ஓர் அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். அவர் நாகர்கோவில் பக்கம், தணிக்கை அலுவலகத்தில் வேலை. டெல்லிக்கு எனக்கு எட்டு வருஷம் பின்னால் வந்தவர். வந்த மாதமே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நான் அவரை சார் என்றேன், கடைசிவரை சார் என்றே வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவருடைய ஸ்கூட்டரில் யமுனையில் ஓக்லா அணைக்கு மேல்புறம் போவோம். அவர் ஓட்டுவார். நான் பின்னால் இரண்டு பேருடைய தூண்டில்களையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவருடையது சாதாரண மூங்கில் கழி. ரீல் கிடையாது. கழியின் நுனியில் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள், அவ்வளவுதான். ஆட்டா மாவில் எதையோ பிசைந்து உருட்டிக்கொண்டு வருவார். என்ன பிசைகிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவர் சொல்லியிருப்பார், அதனாலேயே கேட்கவில்லை.

என்னிடம் ஒரு காட்டலாக் இருந்தது. தரியாகஞ்ச் நடைபாதைப் புத்தகக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அமெரிக்காவில் தூண்டில் சாமான் விற்கிற ஏதோ கம்பெனியுடையது, அட்டை கிழிந்து முதல் எட்டுப் பக்கம் போய்விட்டிருந்தது. நான்கு வருஷமாக மதிய இடைவேளையில் அதைத்தான் படித்தேன். பாஸ் என்ற மீனைப் பற்றித்தான் அதில் பாதிக்கு மேல். அந்த மீனை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. ஆனால் எந்த நீளத்து ராடுக்கு எந்த ரீல் பொருந்தும், எந்த ரீலுக்கு எத்தனை கனத்தில் நரம்பு சுற்ற வேண்டும், கலங்கல் தண்ணீரில் எந்த நிறத்துப் பொய் இரை போட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கையில் இருந்ததோ ஒரு ஃபைபர் குச்சியும் காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரிச் சத்தம் போடும் உள்ளூர் ரீலும். அதை வைத்துக்கொண்டு நான்கு வருஷத்தில் பிடித்ததைச் சொன்னால் வெட்கக்கேடு. அதில் ஓர் ஆமையும் உண்டு.

அவருக்கு வாராவாரம் ரோகு விழும். வீட்டுக்கு வந்ததும் பாதியை வெட்டி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்து, எங்களுக்கும் ஒரு கிண்ணம் கீழே அனுப்பிவிடுவார்கள். என் மனைவி அந்தக் கிண்ணத்தைத் திறக்கும்போதே, "அவருக்கு என்ன ஒரு கைராசி" என்பாள். நானும் சாப்பிடுவேன். குழம்பு ருசியாகத்தான் இருக்கும். வயிறு எரிந்துகொண்டே சாப்பிடுவேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சாயங்காலம் அவர் கையில் ஏர்மெயில் கடிதத்துடன் கீழே இறங்கி வந்தார். அவருடைய தங்கை அமெரிக்காவில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு லீவில் வருகிறாள், அண்ணனுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டிருந்தாள்.

"தூண்டில் கேக்கலாம்னு இருக்கேன் அண்ணாச்சி. கரையோரம் பாசிக்குள்ள விரால் துள்ளுது, பாத்தீங்கல்லா. அது மாவு திங்காது. ஒரு தடவ அத புடிச்சுப் பாக்கணும்."

"நல்ல யோசனை சார்" என்றேன்.

"ஆனா ராடு, ரீலு, இதெல்லாம் எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. நீங்க படிச்சு வச்சிருக்கீங்கல்லா. நீங்களே பாத்து எழுதித் தாங்க, அப்படியே அவளுக்கு அனுப்பிருதேன்."

அன்று ராத்திரி காட்டலாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அமெரிக்காவில் தங்கை இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு யாரும் கடிதம் போட்டதில்லை. ரீலுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாத மனிதருக்கு அது விமானத்தில் வரப்போகிறது. என்னிடமிருந்த ஒரே சொத்து அந்தப் படிப்பு, அதையும் அவருக்கே கொடுக்க வேண்டும்.

சரியான பதில் எனக்குத் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு ஸ்பின்னிங் ரீல்தான். அதில் நரம்பு சுற்றிய உருளை அசையாது, வீசினால் நரம்பு தானாகக் கழன்று போகும், யாரும் முதல் நாளே வீசிவிடலாம். ஏழடி நீளத்தில் வளைந்து கொடுக்கிற ராடு, மெல்லிய நரம்பு, விராலுக்கு ஒரு ரப்பர் தவளை. நான்கே வரி. ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். கொள்முதல் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. எந்தச் சாமான் வர வேண்டும் என்று முதலிலேயே முடிவாகிவிடும். பிறகு அதற்கு ஏற்ற மாதிரி ஸ்பெசிபிகேஷன் எழுதுவோம். மூன்று கொட்டேஷன் வரும். இரண்டு நிபந்தனைக்குப் பொருந்தாமல் தள்ளுபடியாகும். மூன்றாவது கம்பீரமாகப் பரிந்துரைக்கப்படும். கேட்கிறவனுக்குக் குறை சொல்ல ஓர் எழுத்து இருக்காது.

ஃபுல்ஸ்கேப் தாளில் கோடு போட்டு, ரீலுக்கு ஒன்றாக ஏ, பி, சி என்று மூன்று பத்தி பிரித்தேன். சட்டம் உலோகமாக இருக்க வேண்டும், உருளை ராடுக்குக் குறுக்காக அமைந்து சுழல வேண்டும், ராடு ஐந்தரை அடிக்கு மேல் போகக் கூடாது, கைப்பிடி கழன்று பெட்டிக்குள் அடங்க வேண்டும், நரம்பு இருபது பவுண்டுக்குக் குறையக் கூடாது. ஏ-யில் இருந்த ஸ்பின்னிங் ரீலும், பி-யும் விழுந்துவிட்டன. மிஞ்சியது சி, பாஸ் மீன்காரர்கள் பல வருஷம் பழகிய கையால் வீசுகிற ரீல். அதில் வீசும்போது உருளையே சுழலும். கட்டைவிரலால் அதை அடக்கத் தெரியாவிட்டால் இரை நின்ற பிறகும் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், நரம்பெல்லாம் பந்தாகச் சுருண்டு சிக்கிவிடும். போதாததற்குப் பொய் இரைகளில் இருப்பதிலேயே கனம் குறைந்த குட்டி இரைகளைக் குறித்தேன். முரட்டு ராடில் தடித்த நரம்பில் குட்டி இரையைக் கட்டினால் கை தேர்ந்தவனுக்கே பத்தடி போகாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் உசத்தியான சாமான்கள். சேர்த்தால் வேலை செய்யாது. ஓர் ஆபீஸ் ஃபைலுக்குக்கூட நான் அவ்வளவு கவனமாக உழைத்ததில்லை.

தாளையும், படம் பார்க்கட்டும் என்று காட்டலாக்கையும் அவரிடம் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, ஆபீஸில் செய்வது போலவே வரிக்கு வரி டிக் போட்டுக்கொண்டு வந்தார். ஐந்தாவது வரியில் பென்சில் ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு காட்டலாக்கைப் புரட்டினார், ஏதோ ஒரு பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

"அப்ரூவ்டு" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

ஜனவரியில் பெட்டியைப் பிரிக்கும்போது என்னைக் கூப்பிட்டார். கறுப்பும் வெள்ளியுமாக அந்த ரீல் என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கைப்பிடியைச் சுற்றினேன், சத்தமே இல்லை. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கடைசியில் அவர் மனைவி டீ கொண்டுவந்து நீட்டியதால் அதைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை. மூங்கிலை வீட்டில் வைத்துவிட்டுப் புதுத் தூண்டிலுடன் வந்தார். வீசினார். இரை காலடியில் விழுந்தது, ரீலுக்குள் நரம்பு குருவிக்கூடு கட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்க அரைமணி நேரம். மறுபடி வீசினார், மறுபடி கூடு. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாபுஜி, சர்க்கி கராப் ஹை" என்றார், ரீல் கெட்டுப்போயிருக்கிறது என்று.

"சர்க்கி நல்லாத்தான் இருக்கு பையா. என் கைதான் கொள்ளாது" என்று அவர் அரைகுறை இந்தியில் பதில் சொன்னார்.

அடுத்த வாரமும் அதே கதை, அதற்கடுத்த வாரமும் அதே. எங்கள் வீட்டுக்கு மீன் கிண்ணம் வருவது நின்றுபோயிற்று. "என்ன, மாடியிலிருந்து ஒண்ணும் காணோம்?" என்று மனைவி கேட்டாள். "புது ராடு. பழகணும்ல" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெறும் ரசமும் அப்பளமும். அவ்வளவு ருசியாக நான் ரசம் சாப்பிட்டதில்லை. பிப்ரவரியில் என் காப்பி மெஷின் ரீலில் ஒரு ரோகுகூட விழுந்தது. இரண்டு துண்டு எடுத்து, மனைவியை விடாமல் நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஹோலி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார், மூங்கிலையும் அமெரிக்காவையும். கரையில் இறங்கியதும் ராடை என்னிடம் நீட்டினார்.

"இத நீங்க வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"எதுக்கு சார்? பழகப் பழக வந்துடும்."

"உங்களுக்குன்னுதானே வாங்குனது."

எனக்குப் புரியவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து மூங்கிலில் தக்கையைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"பதினஞ்சு வருஷமா ஆபீஸ்ல நான் பாக்குறது அந்த மாதிரிப் பேப்பர்தானே. அஞ்சாவது வரியிலயே தெரிஞ்சிட்டு, இது சி-க்காக எழுதுன ஸ்பெசிபிகேஷன்னு."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பொறவு காட்டலாக்கப் பாத்தேன். அந்த ரீல் உள்ள பக்கம் மட்டும் மடிச்சு மடிச்சு மூல கிழிஞ்சு கெடந்து. அண்ணாச்சிக்கு இதுல ஆச இருக்கு, கேக்கக் கூச்சப்பட்டு நம்ம பேருல எழுதிருக்காருன்னு நினைச்சேன். வந்தா ரெண்டு பேருக்கும் உள்ளதுதானேன்னு கையெழுத்துப் போட்டேன். நீங்களே ஒரு நாள் தாங்கன்னு கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். கேக்கல்ல."

திருட்டைக் கண்டுபிடித்துவிட்டு, திருடனுக்கு நல்ல காரணம் ஒன்றை அவரே எழுதிக் கொடுத்த ஆடிட்டரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் சொன்னது முழுத் தப்பும் இல்லை. அந்தப் பக்கத்தை நான்கு வருஷம் மடித்து வைத்திருந்தவன் நான்தான். எனக்குக் கிடைக்காத ஒன்று அவருக்கு உதவாமல் போகட்டும் என்று எழுதியவனும் நான்தான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. தோன்றியது வேறு. ஒரு மனிதருக்கு மீன் விழட்டும், அமெரிக்காவில் தங்கை இருக்கட்டும். அதற்குமேல் இப்படி ஒரு மனசும் எதற்கு? அதுவரை அவருடைய தூண்டிலைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருந்தேன். அன்று அவரைப் பார்த்தே பொறாமைப்பட்டேன்.

"போடுங்க, பாப்போம்" என்றார். அவர் தக்கை அதற்குள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து நின்றேன். கட்டைவிரலை உருளையில் எப்படி வைக்க வேண்டும், எந்த நொடியில் எடுக்க வேண்டும், எப்போது மறுபடி அழுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வீசினேன். ரீலுக்குள் சர்ரென்று ஒரு சத்தம். அவர் இரண்டு மாதத்தில் கட்டிய எந்தக் கூடும் இதன் பக்கத்தில் நிற்காது.

அவர் சிரிக்கவில்லை. மூங்கிலை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு, என் கையிலிருந்து ராடை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, நகத்தால் ஒவ்வொரு சுருளாக இழுக்க ஆரம்பித்தார். அந்த வேலையில் அவருக்கு இதற்குள் நல்ல பழக்கம் வந்திருந்தது.

அப்போதுதான் அவருடைய தக்கை ஒருமுறை நடுங்கியது. பிறகு முழுசாக உள்ளே போயிற்று. மூங்கில் நுனி வளைந்தது. அவருக்கு முதுகுப்புறம் அது. பார்த்தவன் நான் ஒருவன்தான். சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் கழி இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. மூங்கில் இரண்டு முறை ஆடியது, பிறகு நிமிர்ந்தது. தக்கை மெதுவாக மேலே வந்து சாய்ந்து படுத்தது.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்று சொல்லி, சிக்கெடுத்த நரம்பை இழுத்துப் பார்த்துவிட்டு, ராடை என் கையில் கொடுத்தார். "இனி போடுங்க."