போர்மேன் சங்கிலிமுத்து வாசிக்கச் சொன்ன ஐநூறு

கல்யாணமோ காதுகுத்தோ, விசேஷ வீட்டில் மொய் எழுதுகிறவரின் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பது ஆமத்தூர்ப் பக்கத்து வழக்கம். "போர்மேன் சங்கிலிமுத்து, ஐயாயிரம்" என்று வாசித்தால் பந்தியில் இருப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நெருங்கிய வீடென்றால் பத்தாயிரம். பதினொரு வருடமாக ஐயாயிரத்துக்குக் கீழே அவர் எழுதியதில்லை.

எழுதுகிற தகுதியும் அவருக்கு இருந்தது. அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர். சங்கிலிமுத்து பதினெட்டு வயதில் பட்டாசு ஆலையில் சேர்ந்தார். இருபத்தொன்பதாவது வயதில் தேர்வெழுதி போர்மேன் சான்றிதழ் வாங்கினார். இப்போது வயது நாற்பத்தெட்டு. சீசன் கமிஷனையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் மாதம் தொண்ணூற்றிரண்டாயிரம் வரும். நாற்பத்திரண்டு அறைகள் கொண்ட ஆலை அவர் பொறுப்பு. நாலு பேர் அறையில் ஐந்தாவது ஆள் கால் வைக்க முடியாது. ஒவ்வொரு அறையின் வாசலுக்கு வெளியேயும் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். தினமும் காலை ஏழரைக்குள் எண்பத்துநாலு வாளிகளையும் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் மருந்து அறையைத் திறக்கச் சொல்வார். பத்தொன்பது வருடத்தில் அந்த ஆலையில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடக் கருகியதில்லை.

வீட்டுக்கு மாடி எழுப்பினார். கார் வாங்கினார். இரண்டுக்கும் தவணை போய்க்கொண்டிருந்தது. சேமிப்பு எங்கே என்று கேட்டால் நீல அட்டை போட்ட மொய் நோட்டைக் காட்டுவார். தன் வீட்டு விசேஷத்துக்கு வந்த மொய்யை எல்லாம் அவர் எப்போதோ திருப்பிச் செய்துவிட்டார். அதற்கு மேல் நூற்றுப் பதினெட்டு வீடுகளில் ஆறு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து ஐநூறு ரூபாய் அவருக்கு வரவேண்டியிருந்தது.

"பேங்குல போட்டா வட்டி மட்டும்தான் குடுப்பான் மாப்ளே. மனுசங்கிட்ட போட்டா மரியாதையும் சேத்துக் குடுப்பான்" என்பார் மனைவியின் தம்பி அன்பரசனிடம்.

வைகாசி பதினாலாம் தேதி காலை ஒன்பது இருபதுக்கு ஆலையின் கேட் பூட்டப்பட்டது. வேறொரு ஆலையில் நடந்த விபத்தைத் தொடர்ந்து சுற்றுவட்டாரம் முழுக்க ஆய்வு. சங்கிலிமுத்துவின் அறைகளில் அதிகாரிகளால் ஒரு குறைகூடக் காண முடியவில்லை. ஆனால் முதலாளி உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். அக்கம்பக்கத்து ஆலைகளிலும் ஏதேதோ காரணம் சொல்லிப் பூட்டு விழுந்தது. "ஒரு வாரத்துல தெறந்துரலாம்" என்றார் முதலாளி. ஆடி பிறந்தும் திறக்கவில்லை.

வீட்டுக் கடனில் இரண்டு தவணை தவறியது. மூன்றாவதும் தவறினால் வீட்டின் மீது நடவடிக்கை என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. மனைவி பாண்டிச்செல்வி அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்தாள்.

"ஆலையில ரூமுக்கு ரூம் வாளி நெறைய மணல் வச்சிருக்கீக. நம்ம வீட்டுல ஒரு கைப்பிடி மணல் இருக்கா?"

அன்பரசன் முந்திக்கொண்டான்.

"அக்கா, நீ சும்மா இரு. அத்தான், ஒரு விசேஷம் வச்சீகன்னா அம்புட்டுப் பணமும் திரும்பி வந்துரும். கீர்த்திகாவுக்குக் காதுகுத்து வைப்போம்."

"அவ கம்மல் போட்டு மூணு வருசமாச்சேலே!"

"வீட்டுல குத்துனது கணக்குல வராது அத்தான். குலசாமி கோயில்ல மேல ஒரு ஓட்டை போட்டுட்டாப் போச்சு."

மகள் கீர்த்திகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். பாண்டிச்செல்விகூடச் சிரித்துவிட்டாள். ஆவணி மூன்றாம் ஞாயிறு என்று முடிவாயிற்று. முதல் சுற்றாக முப்பத்தேழு வீடுகளுக்குப் போய் வயலெட் நிறப் பத்திரிகை வைத்தார்கள்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கவேண்டும். மனைவியின் வளையல்களை எடுத்துக்கொண்டு, உள்ளூரில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று சிவகாசிக்குப் போய் அடகுக்கடை வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினாள். அவர் ஆலையில் பதினாறாம் எண் அறையில் வேலை பார்க்கும் முருகம்மாள். வயதில் நாலு வருடம் மூத்தவள். கையில் ஒரு ஜோடிக் கம்மல், காதில் ஈர்க்குச்சி.

"என்ன தம்பி, நீங்களும் இங்கன வந்திருக்கீக?"

"சும்மா ஒரு சோலியாக்கா. நீங்க எதுக்கு வந்தீக?"

"எதுக்கா? நல்லா கேட்டீக போங்க. எம் மக கல்யாணத்துக்குப் பத்தாயிரம் எழுதுனீகள்ல? உங்க வீட்டு மைக்குல எம் பேரு வராமப் போச்சுன்னா அப்பறம் நான் ஊருக்குள்ள எப்படி நடக்க?"

"ஆலை பூட்டிக் கெடக்கும்போது நீங்க ஏங்க்கா..."

"உங்க வயலெட் பத்திரிகை வந்த வீட்ல எல்லாம் இதே கதைதான். எம் பக்கத்து வீட்டுக்காரி அண்டாவ வித்துட்டா. விடுங்க, ரெண்டு மாசமா பிரஸ்ல நோட்டு பைண்டிங்குக்குப் போறேன். திருப்பிருவேன்."

வளையல்களை அடகு வைத்து அவர் விசேஷம் நடத்தப்போகிறார். அந்த விசேஷத்துக்கு மொய் எழுத அவள் கம்மலைக் கழற்றியிருக்கிறாள். சங்கிலிமுத்து வரிசையை விட்டு வெளியே வந்து, எதிர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த மொய் நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டில் நூற்றொன்று பட்டாசு வேலைக்காரர் வீடு. அத்தனை பேருக்கும் கிட்டத்தட்ட அதே வாரத்தில்தான் வேலை போயிருந்தது.

மணல் வாளியை அறைக்கு வெளியே வைக்கவேண்டும் என்பது எந்தப் புது ஆளுக்கும் அவர் சொல்லும் முதல் விதி. தன் வாளியை அவர் தீப்பிடிக்கிற அறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

எழுந்து போய் முருகம்மாளின் கையைத் தடுத்தார். "கம்மலப் போட்டுக்கோங்கக்கா. விசேஷம் இல்ல."

"என்ன தம்பி சொல்லுதீக? பத்திரிகை வச்சாச்சே!"

"வச்ச வீட்டுக்கெல்லாம் நானே போய்ச் சொல்லிக்கிடுதேன். உங்க பிரஸ்ல ஆள் எடுக்காகளா?"

முருகம்மாள் சிரித்தாள். "எடுக்காக. காகித லோடு எறக்கணும், நாளைக்கு எளுநூறு ரூவா. போர்மேனு தலையில பண்டல் ஏறுமா?"

"அதெல்லாம் ஏறும்."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, முப்பத்தேழு வீட்டு வாசலிலும் ஏறி இறங்கினார். யாரையும் அனுப்பவில்லை, போனில் சொல்லவில்லை. "விசேஷத்த நிறுத்திட்டேன். கையில காசு இல்ல, உங்ககிட்டயும் இருக்காது. யாரும் எதையும் அடகு வைக்காதீக." இரண்டு வீட்டில் பின்னால் சிரித்தது காதில் விழுந்தது. ஒரு வீட்டில், விற்பதற்காக அவிழ்த்த ஆட்டைத் திரும்பக் கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாசலுக்கு நடந்தார்.

அந்த வாரமே கார் விலைக்குப் போயிற்று. கார்க் கடனை அடைத்ததுபோக மீதி, வீட்டுக் கடனில் ஐந்து தவணைக்குச் சரியாக இருந்தது. சாப்பாட்டுக்கு அச்சகக் கூலி. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் ஏறும் அதே பஸ்ஸில் ஏறி, அச்சகத்தில் முப்பத்தொன்பது நாள் காகித பண்டல் சுமந்தார். முதல் நாள் ஒருவன், "போர்மேனுக்கு சீட் குடுங்கலே" என்று கிண்டலாகச் சொன்னான். மூன்றாம் நாள் அவனே எழுந்து இடம் கொடுத்தான். சங்கிலிமுத்து உட்காரவில்லை.

புரட்டாசி ஏழாம் தேதி ஆலை திறந்தது. காலை ஏழரைக்குள் எண்பத்துநாலு வாளிகளையும் பார்த்தார். முதல் சம்பளத்தில் தபால் ஆபீசில் பாண்டிச்செல்வி பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினார். மாதம் இருபதாயிரம், வீட்டுக்குள் அதற்குப் பெயர் மணல்.

தை மாதம் முருகம்மாளின் பேத்திக்குக் காதுகுத்து. மைக்கில் இருந்தது பாண்டிமுருகன். சங்கிலிமுத்து எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தவர் மைக்கைக் கையால் மூடினார்.

"அண்ணே, ஒரு சைபர் விட்டுப்போச்சோ?"

"விடல. அப்பிடியே வாசிங்க."

"போர்மேனு, ஊரே பாக்கும்ண்ணே."

"பாக்கத்தான் சொல்லுதேன். சத்தமா வாசிங்க."

"போர்மேன் சங்கிலிமுத்து, ஐநூறு ரூவா!"

பந்தியில் கைகள் நின்றன. எல்லா முகமும் திரும்பியது. சங்கிலிமுத்து சட்டையை இழுத்துவிட்டு, நிமிர்ந்து, பந்தியை நோக்கி நடந்தார். எதிரே சாம்பார் வாளியோடு வந்த முருகம்மாளின் காதில் கம்மல் இருந்தது.

"தம்பிக்கு மொத எலையப் போடுங்கடி" என்றாள் அவள்.

மொய் வரிசையில் அவருக்கு அடுத்து நின்றவர் பக்கத்து ஆலை போர்மேன் அய்யப்பன். கையில் மடித்து வைத்திருந்த ஐயாயிரத்தை ஒருமுறை பார்த்தார். அதிலிருந்து ஒரே ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை உருவிக்கொண்டு, மீதியைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார்.